கத்திரி வெயிலில் பூச்சிப் படம்: ஒரு தையல்காரியின் கைக்குறிப்பு

நாகமலை புதுக்கோட்டையில் எனக்குச் சின்னதாக ஒரு தையல் கடை. காலை ஒன்பதரைக்குத் திறந்தால் ராத்திரி எட்டு வரைக்கும் ஜாக்கெட்டும் சுடிதாரும்தான். ஒன்பதரைக்கு முன்னால் இருக்கிற காலைப் பொழுது என்னுடையது. சித்திரையிலும் வைகாசியிலும் அந்த நேரத்தைக் கீழக்குயில்குடிப் பக்கம், சமணர் மலையை ஒட்டிய பொட்டலில், ஒரே ஒரு எருக்கஞ்செடியின் முன்னால் உட்கார்ந்து கழிக்கிறேன். கடைச் சுவரில் மாட்டியிருக்கும் வெட்டுக்கிளிப் படத்தைப் பார்த்துவிட்டு, "இது எந்த ஊருக் காடுக்கா?" என்று கேட்பார்கள். தேனி ரோட்டிலிருந்து திரும்பினால் பத்து நிமிஷம் என்றால் நம்புவதில்லை. எப்படி எடுத்தாய் என்று அடுத்த கேள்வி வரும். ஊக்கு வைத்துக்கொண்டே வாயால் சொல்லி முடிகிற விஷயம் இல்லை என்பதால் எழுதுகிறேன்.

கத்திரி வெயிலில் பொட்டலில் என்ன இருக்கும் என்று நினைப்பீர்கள். தும்பை காய்ந்திருக்கும், நெருஞ்சி வெறும் முள்ளாக மிஞ்சியிருக்கும், கண்மாய் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். எனக்கு வசதியே அதுதான். மழைக்காலத்தில் எங்கே பார்த்தாலும் புல், எங்கே பார்த்தாலும் பூச்சி, ஆனால் தேடிப் போனால் ஒன்றும் கண்ணில் நிற்காது. கோடையில் பச்சை சுருங்கச் சுருங்க, மிஞ்சிய நாலு செடிக்கு ஊர்ப்பட்ட பூச்சியும் வந்து சேரும். ஆடு கடிக்காத எருக்கு, ஆவாரை, சீமைக் கருவேலம், ஓரமாக ஒரு வேம்பு, அவ்வளவுதான் அங்கே ஊர்.

இன்னொரு காரணம் காற்று. ஆனி பிறந்துவிட்டால் மேல்காற்று ஆரம்பித்துவிடும். ஆடியில் அம்மியே பறக்கும் என்கிறோம், எருக்கிலை எம்மாத்திரம். பூச்சிப் படத்தில் செடி ஒரு மில்லிமீட்டர் அசைந்தால் போதும், கண் இருந்த இடத்தில் கால் இருக்கும். சித்திரை மாதக் காலையில் இலைகூட அசையாத புழுக்கம் ஒன்று இருக்குமே, வியர்வை நம்முடையது, படம் நம்முடையது.

முதல் வருஷம் எனக்கு இதெல்லாம் தெரியாது. தம்பி கல்யாணப் போட்டோ தொழிலை விட்டுவிட்டு வெளிநாடு போனபோது அவனுடைய பழைய நிக்கான் டி7000, ஒரு 50 எம்எம் லென்ஸ், ஒரு ஃப்ளாஷ், ஒரு கனத்த டிரைபாட் எல்லாம் என் வீட்டுப் பரணுக்கு வந்தன. ஞாயிற்றுக்கிழமை சமையலை முடித்துவிட்டு, பதினோரு மணிக்கு டிரைபாடைத் தோளில் போட்டுக்கொண்டு போனேன். ஒன்றரை மணி நேரம் சுற்றினேன். எதன் பக்கத்தில் போனாலும் விருட்டென்று பறந்தது. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த தாத்தா ஒருவர் உடைமரத்து நிழலில் இருந்து பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுக் கேட்டார்: "ஏத்தா, வெயில்ல எதைத் தொலைச்ச?"

"பூச்சி தாத்தா. போட்டோ எடுக்க."

"வெயில் ஏறினா அதுக்குக் காலும் றெக்கையும் சூடாயிரும்ல. வெள்ளன வா தாயி. அதுக முழிக்கிறதுக்கு முன்ன."

முழுப் பாடமும் அந்த ஒரு வார்த்தைதான். பூச்சிக்கு நம்மைப் போல உடம்புக்குள் அடுப்பு இல்லை. ராத்திரி குளிர்ந்த உடம்பு வெயில் பட்டுச் சூடேறினால்தான் ஓடவும் பறக்கவும் முடியும். மே மாதம் மதுரையில் ஆறு மணிக்குச் சற்று முன்னதாகவே சூரியன் எழுந்துவிடும். அதற்கு முன்பே செடியிடம் இருக்க வேண்டும். வெட்டுக்கிளி அப்போது தண்டைக் கட்டிக்கொண்டு கல் மாதிரி இருக்கும். முதல் வெயில் விழுந்ததும் மெதுவாக நகர்ந்து, விலாவைச் சூரியனுக்குக் காட்டிப் படுக்கும். அந்த இருபது நிமிஷம்தான் பொன். ஏழரைக்குப் பாதிப் பேர் கிளம்பிவிடுவார்கள். எட்டேகாலுக்கு நானும் மூட்டையைக் கட்டிவிடுவேன். உச்சிவெயிலில் எடுக்க ஒன்றே ஒன்று உண்டு: சில தட்டான்கள் குச்சி நுனியில் தலைகீழாக நிற்பது போல வாலைச் சூரியனை நோக்கித் தூக்கிக்கொள்ளும். உடம்பில் வெயில் படும் பரப்பைக் குறைக்க அந்தப் பாடு. தட்டானை விரட்டாதீர்கள். போன குச்சிக்கே பெரும்பாலும் திரும்பி வரும், குச்சியைக் குறிவைத்துக் காத்திருங்கள்.

சாமான்களைப் பற்றி. சின்னப் பொருளைக் கிட்டத்தில் பெரிதாக எடுக்கிற மேக்ரோ லென்ஸ் வாங்கினால்தான் ஆச்சு என்று கடைக்காரர்கள் சொல்வார்கள். முதல் இரண்டு கோடை நான் அந்த 50 எம்எம் லென்ஸையே திருப்பிப் போட்டு எடுத்தேன். ரிவர்ஸ் ரிங் என்று ஒரு வளையம் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும், லென்ஸின் முன்பக்கம் கேமராவில் மாட்டிக்கொள்ளும், பின்பக்கம் பூச்சியைப் பார்க்கும். என் லென்ஸ் பழைய வகை, துளையைத் திறந்து மூடும் வளையம் லென்ஸிலேயே உண்டு. அந்த வளையம் இல்லாத புது லென்ஸ் என்றால் திருப்பிப் போடுவது தலைவலி, அதற்கு எக்ஸ்டென்ஷன் டியூப், அதாவது கேமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவில் மாட்டும் வெற்றுக் குழாய், வாங்குவது மேல். 50 எம்எம் லென்ஸுக்குப் பின்னால் 50 எம்எம் நீளத்துக்கு டியூப் போட்டால் பூச்சி தன் அசல் அளவிலேயே சென்சாரில், அதாவது கேமராவுக்குள் படம் பதியும் தகட்டில், விழும். திருப்பிப் போட்ட லென்ஸில் துளையைச் சுருக்கியதும் வியூஃபைண்டர் இருட்டிவிடும், கேமராவோடு லென்ஸ் எதுவும் பேசாது, பூச்சிக்கு மூக்கு முட்டும் தூரம் போக வேண்டும். ஆனாலும் அதில் கற்றதுதான் கையில் நிற்கிறது. இப்போது வைத்திருப்பது கைமாறி வந்த டாம்ரான் 90 எம்எம் மேக்ரோ. முழு உருப்பெருக்கத்திலும் லென்ஸ் விளிம்புக்கும் பூச்சிக்கும் நடுவில் நாலு அங்குலம் போலக் கிடைக்கிறது. அந்த நாலு அங்குலத்துக்குத்தான் காசு. ஃபோன் மட்டும் வைத்திருப்பவர்கள் கிளிப் மாட்டும் லென்ஸ் ஒன்று வாங்கி, ஃபோனின் பிரதான கேமராவில் மாட்டுங்கள், உறங்கும் பூச்சிக்கு அது தாராளம். டிரைபாட்? வீட்டில் கொசுவலை கட்ட உதவுகிறது.

எவ்வளவு பெரிதாக எடுக்கிறீர்கள் என்று தெரிந்துகொள்ள ஒரு தையல் டேப் போதும். லென்ஸை மிகக் கிட்டத்துக்குத் திருகி வைத்துக்கொண்டு டேப்பைப் படமெடுங்கள். என் கேமரா சென்சாரின் அகலம் 23.6 மில்லிமீட்டர். படத்தின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை ஏறக்குறைய 24 மில்லிமீட்டர் கோடு தெரிந்தால் ஒன்றுக்கு ஒன்று, அதாவது அசல் அளவு, 12 கோடு தெரிந்தால் இரண்டு மடங்கு.

இனி தெளிவு விழும் ஆழம். இதைப் புத்தகக் கணக்காகப் படித்தபோது எனக்குப் பிடிபடவே இல்லை, ஊசியை வைத்துப் பார்த்ததும் பிடிபட்டது. ஒன்றுக்கு ஒன்று அளவில், எஃப்11-இல் (எஃப் என்பது லென்ஸ் துளையின் கணக்கு, எண் கூடினால் துளை சின்னது), என்னுடையது மாதிரி சென்சாரில் தெளிவாக விழும் ஆழம் சுமார் 0.9 மில்லிமீட்டர். பதினாலாம் நம்பர் மெஷின் ஊசியின் தண்டு எத்தனை தடிமனோ அத்தனை. மொத்தப் பூச்சியில் ஒரு ஊசித் தடிமனுக்குத்தான் தெளிவு, மற்றதெல்லாம் கலங்கல். அப்படியானால் துளையை இன்னும் சுருக்கி எஃப்22-இல் வைத்தால் ஆழம் கூடுமே என்று கை பரபரக்கும். கூடும்தான், ஆனால் படம் முழுக்கச் சோப்புத் தண்ணீர் வழிந்த மாதிரி மழுங்கிவிடும். ஒன்றுக்கு ஒன்று உருப்பெருக்கத்தில் எஃப்11 என்பது ஒளியைப் பொறுத்தவரை எஃப்22 மாதிரி நடந்துகொள்ளும். எஃப்22 என்றால் எஃப்44. சின்னத் துளையின் விளிம்பில் ஒளி வளைந்து சிதறிவிடும். நான் எஃப்8-க்கும் எஃப்11-க்கும் நடுவிலேயே இருக்கிறேன்.

ஆழத்தைக் கூட்ட முடியாவிட்டால் கோணத்தை மாற்றலாம். துணியை மேஜையில் இழுத்து விரித்த பிறகுதானே சாக்கால் கோடு போடுகிறோம். அதே மாதிரி பூச்சியின் உடம்பு எந்தப் பக்கம் நீண்டிருக்கிறதோ, அந்தப் பக்கத்துக்குக் கேமராவின் முதுகு இணையாக இருக்க வேண்டும். பக்கவாட்டில் எடுத்தால் தலை முதல் வால் வரை அந்த ஒரே ஊசித் தடிமனுக்குள் அடங்கும். நேர் முகமாக எடுத்தால் கண்ணோடு திருப்திப்பட்டுக்கொள்ளுங்கள். கண் தெளிவாக இருந்தால் மீதி கலங்கியதை யாரும் குறை சொல்ல மாட்டார்கள். கண் தவறிவிட்டால் கால் முள்ளெல்லாம் எண்ணுகிற மாதிரி விழுந்திருந்தாலும் படம் குப்பைக்கு.

ஆட்டோ ஃபோகஸை அணைத்துவிடுங்கள். வளையத்தையும் திருகாதீர்கள். எத்தனை பெருக்கம் வேண்டுமோ அதில் வளையத்தை நிறுத்திவிட்டு, உடம்பை முன்னால் பின்னால் அசைத்து ஃபோகஸ் பிடிக்க வேண்டும். தெரியாத வேலை இல்லை. ஊசியில் நூல் கோக்கும்போது என்ன செய்கிறோம்? முழங்கையை எதிலாவது முட்டுக் கொடுக்கிறோம், மூச்சை நிறுத்துகிறோம், நூலைக் கொண்டுபோய் ஊசிக்காதில் சேர்க்கிறோம். அச்சு அசலாக அதேதான். நான் பனங்கட்டையில் செய்த ஒரு மனைப்பலகையில் உட்காருவேன். முழங்கை இரண்டும் முழங்காலில். இடது கை விரல்களால் பூச்சி இருக்கும் தண்டை மெதுவாகப் பிடித்துக்கொண்டு, அந்த இடது கையின் மேலேயே லென்ஸைச் சாய்த்துக்கொள்வேன். இப்போது செடி அசைந்தால் லென்ஸும் சேர்ந்தே அசையும். டிரைபாட் இந்த வேலையைச் செய்யாது. தண்டைப் பிடித்தால் பூச்சி மிரளும் என்று தோன்றினால், துணி காயப்போடும் கிளிப்பை ஒரு குச்சியில் கட்டி மண்ணில் ஊன்றி அதில் தண்டைக் கவ்வ விடுங்கள்.

மூச்சு விட்டு முடித்த இடத்தில் ஒரு சின்ன நிறுத்தம் வருமே, அங்கே அழுத்துங்கள். நாலைந்தாகத் தொடர்ந்து எடுங்கள். என் கணக்கில் நாற்பதுக்கு ஒன்று தேறினால் நல்ல நாள்.

வெளிச்சம். அதிகாலை வெளிச்சம் அழகுதான், ஆனால் எஃப்11-க்குப் பற்றாது. ஷட்டரை மெதுவாக்கினால் கை நடுங்கும். ஆகவே ஃப்ளாஷ். ஷட்டர் 1/200 விநாடி, ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளியுணர்வு) 200 அல்லது 400, ஃப்ளாஷை மேனுவலில் வைத்து முழு வலுவில் பதினாறில் ஒரு பங்கு, இங்கிருந்து ஆரம்பித்துக் கூட்டிக் குறையுங்கள். வலுவைக் குறைக்கக் குறைக்க ஃப்ளாஷ் மின்னும் நேரமும் சுருங்கும், நம் கை நடுக்கத்தை உறைய வைப்பது ஷட்டர் இல்லை, அந்த மின்னல்தான். ஆனால் ஃப்ளாஷை மொட்டையாக அடித்தால் என்ன ஆகும் என்பதற்கு என் முதல் பொன்வண்டுப் படமே சாட்சி. பச்சையும் பொன்னுமாக மின்ன வேண்டிய ஓட்டில் தீக்குச்சித் தலை மாதிரி ஒரு வெள்ளைப் பொட்டு, சுற்றிலும் கறுப்பு. வண்டின் ஓடு கண்ணாடி மாதிரி, தன் முன்னால் இருக்கிற விளக்கின் உருவத்தைத்தான் காட்டும். விளக்கு சின்னது என்றால் சின்னப் பொட்டு. விளக்கைப் பெரிதாக்கிப் பூச்சிக்குப் பக்கத்தில் கொண்டுவந்தால் ஓடு முழுக்க மென்மையான ஒளி பரவும். (பொன்வண்டைச் சித்திரையில் தேடாதீர்கள். அது மழைக்குப் பிந்திய சமாசாரம். நாங்கள் தீப்பெட்டியில் கருவேல இலை போட்டு வளர்த்ததெல்லாம் புரட்டாசி, ஐப்பசியில்.)

ஒளியை இப்படிப் பரப்பிக் கொடுக்கும் டிஃப்யூசரைக் கடையில் வாங்க வேண்டாம். புதுச் சட்டைக்குள் வரும் அட்டையை ஃப்ளாஷ் முகத்திலிருந்து லென்ஸ் நுனி வரை வருகிற மாதிரிக் கூம்பாக மடித்து, உள்ளே அலுமினியத் தாள் ஒட்டினேன். வாய்ப்பக்கம் ஒரு சாண் அகலம். அதன் மேல் பட்டர் பேப்பர் ஒரு அடுக்கு, இரண்டு விரல்கடை இடைவெளி விட்டு வெள்ளைக் காட்டன் லைனிங் ஒரு அடுக்கு. இரண்டு அடுக்குக்கும் நடுவில் அந்த இடைவெளி முக்கியம், ஒன்றோடு ஒன்று ஒட்டிக் கிடந்தால் பரவல் பாதிகூட இல்லை. துணியில் ஒரு எச்சரிக்கை: முதலில் என் வீட்டுக்காரரின் பழைய வேட்டியைக் கிழித்துத்தான் தைத்தேன். எடுத்த படமெல்லாம் நீலம் பூத்து வந்தது. மூன்று நாள் கேமராவைக் குடைந்த பிறகுதான் உறைத்தது, வேட்டிக்கு நீலம் போட்டு வெளுத்தவளே நான்தான். நீலம் காணாத கோடித் துணியாகப் பாருங்கள்.

பின்னணி கறுத்துப் போவது இன்னொரு தொல்லை. ஃப்ளாஷ் வெளிச்சம் தூரம் போகப் போக மளமளவென்று குறையும், பூச்சிக்குப் பின்னால் ஒன்றும் இல்லை என்றால் அமாவாசைதான். காலை ஆறரைக்கு எடுத்த படம் நடுராத்திரி மாதிரித் தெரியும். ஒரு சாண் பின்னால் ஒரு எருக்கிலையோ சருகோ வருகிற மாதிரிக் கோணம் பாருங்கள். அப்படி எதுவும் இல்லையென்றால் கிளிப் குச்சியில் ஒரு பழுத்த இலையை மாட்டி ஊன்றுங்கள். நான் மெஹந்திப் பச்சை, செம்மண் நிறத்தில் இரண்டு வெட்டுத் துணி எப்போதும் பையில் வைத்திருப்பேன், சருகு கிடைக்காத நாளில் அதுவும் ஓடும்.

இனி எருக்கஞ்செடிக்கு வருவோம். ஊரெல்லாம் அலையாதீர்கள், ஒரு செடியைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்பதுதான் நான் சொல்ல வந்ததே. ஒரே செடிக்குத் தினமும் போனால் எந்த இலையில் யார் குடியிருக்கிறார்கள் என்பது அத்துப்படி ஆகிவிடும்.

குருத்தில் மஞ்சளாக மாவு தெளித்த மாதிரித் தெரிவது அசுவினி. சாற்றை உறிஞ்சிக்கொண்டு ஆயிரம் பேர் ஒரே கொத்தாக இருப்பார்கள். அசையாத கூட்டம் என்பதால் பழக இதைவிட நல்ல பாடம் கிடையாது. கொஞ்சம் பொறுத்தால் எறும்பு வரும், அசுவினியின் பின்புறத்தை உணர்கொம்பால் தட்டி இனிப்புத் துளியை வாங்கிக் குடிக்கும். அந்தத் துளி வெளியே வந்து எறும்பின் வாய்க்குள் போவதற்குள் ஒரு விநாடிதான். மூன்று கோடையாக முயன்று எனக்கு ஒரு படம் தேறியிருக்கிறது. பொறிவண்டும் அங்கேயே சுற்றும், அதற்கு அசுவினி சாப்பாடு.

இலைக்கு அடியில் வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சி ஒற்றை ஒற்றையாக முட்டை வைத்திருக்கும். புழு வெள்ளை, கறுப்பு, மஞ்சள் பட்டை போட்ட உடம்போடு, முதுகில் மூன்று ஜோடிக் கறுப்புக் கொம்பு நீட்டிக்கொண்டு இருக்கும். அது சாப்பிடுவதைப் பாருங்கள். முதலில் இலை நரம்பை ஒரு கடி கடித்து விடும், பால் அங்கேயே வடிந்து நின்றுவிடும், அதற்கு அப்பால் இருக்கும் பால் வற்றிய பகுதியைத்தான் தின்னும். அந்தக் கடிவாயில் வெள்ளைப் பால் முத்தாகத் திரண்டு நிற்க, பக்கத்தில் புழுவின் தலை இருந்தால், அதுதான் படம். வெள்ளைப் பாலுக்கு வெளிச்சத்தை அளந்து வையுங்கள், இல்லாவிட்டால் சுண்ணாம்பு அப்பிய மாதிரி வெளுத்துவிடும். எருக்கின் நஞ்சு புழுவின் உடம்பில் சேர்ந்து, வண்ணத்துப்பூச்சியான பிறகும் இருக்கும், பெரும்பாலான பறவைகள் தொடாது. அதனால்தான் அது அத்தனை நிதானமாகப் பறக்கிறது, நமக்கும் நின்று போஸ் கொடுக்கிறது.

கடைச் சுவரில் இருக்கும் வெட்டுக்கிளியும் இந்தச் செடிக் குடிதான். மஞ்சளும் மயில்நீலமும் பட்டை பட்டையாக, திருவிழாச் சப்பரத்துக்குத் தைத்த மாதிரி ஒரு பூச்சி. ஆளைக் கண்டால் பறக்காது, தண்டைச் சுற்றி மறுபக்கம் நகர்ந்து ஒளிந்துகொள்ளும். நீங்களும் சுற்றினால் அதுவும் சுற்றும், கண்ணாமூச்சி முடியாது. இடது கை விரல் ஒன்றைத் தண்டின் அந்தப் பக்கம் மெதுவாக ஆட்டுங்கள், விரலுக்குப் பயந்து உங்கள் பக்கம் வந்துவிடும். ஆனால் குஞ்சைத் தொட்டுவிடாதீர்கள். பிடித்து நசுக்கினால் உடம்பிலிருந்து ஒரு திரவத்தைச் சில அங்குல தூரம் பீய்ச்சும். நான் சும்மா நகர்த்தப் போய் லென்ஸில் வாங்கியிருக்கிறேன்.

ஏழு மணிக்குப் பூவுக்குப் பெரிய கருவண்டு வரும். வண்டு என்று நாம் சொன்னாலும் அது தச்சுத் தேனீ, காய்ந்த மரத்தைத் துளைத்துக் குடியிருப்பது. எருக்குக்கு மகரந்தம் மாற்றுவதில் அதற்குத்தான் பெரிய பங்கு. சிறகில் ஊதாவும் நீலமும் ஓடும். அது நிற்காது, பூவையும் ஃபோகஸையும் தயாராக வைத்துக்கொண்டு அது வந்து விழும் நொடிக்காகக் காத்திருக்க வேண்டும். பிள்ளையாருக்குப் பூப்பறிக்க வருகிறவர்கள் உங்கள் செடியை மொட்டையடித்துவிட்டால் அன்றைக்கு வேறு வேலை பார்க்க வேண்டியதுதான். யாரையும் கோபித்துப் பயன் இல்லை, முந்தியது அவர்கள்தான்.

எருக்கை விட்டு நான் தள்ளிப் போவது இரண்டு மூன்று காரியத்துக்கு மட்டும். ஒன்று, உறங்கும் தேனீ. இதையும் காட்டிக் கொடுத்தது அந்த ஆட்டுத் தாத்தாதான். "சாயங்காலம் அந்தக் காஞ்ச குச்சியில ஈ வரிசையாத் தொங்கும், பாரு தாயி" என்றார். நீலப் பட்டை போட்ட தேனீ. ஆண்களுக்குக் கூடு கிடையாது, பொழுது சாயும்போது ஒரு காய்ந்த தண்டை வாயால் கவ்விப் பிடித்துக்கொண்டு, காலை மடக்கி, ஒன்றன்கீழ் ஒன்றாகத் தொங்கித் தூங்கும். அடுத்த நாளும் பெரும்பாலும் அதே குச்சி. சாயங்காலம் குச்சியைப் பார்த்து அடையாளம் வைத்துக்கொண்டு, வெள்ளன போய் எடுங்கள். தலை முதல் அடிவயிறு வரை ஒவ்வொரு பட்டையும் விழும். ஃபோகஸை மயிரிழை மயிரிழையாக நகர்த்திப் பத்துப் படம் எடுத்து, அப்புறம் கணினியில் ஒன்றாக அடுக்கிச் சேர்க்கும் வித்தையைப் பழக இவர்கள்தான் தோது. அடுக்குவதற்கென்றே மென்பொருள்கள் உண்டு. குச்சியை ஒடித்து வீட்டுக்குக் கொண்டு வராதீர்கள்.

பாறை இடுக்கில், மழை படாத புழுதியில் சின்னச் சின்னக் கூம்புக் குழி தெரிந்தால் அடியில் குழியானை. மேலிருந்து எடுத்தால் குழி மட்டும்தான் வரும். தரையோடு தரையாகப் படுத்து, காலை வெயில் சாய்வாக விழும்போது எடுத்தால் மணல் மணியாக நிழல் கட்டும். புல் நுனியால் விளிம்பைத் தட்டினால் இரை விழுந்ததென்று நினைத்து மணலை மேலே விசிறும், லென்ஸுக்கு ஒரு ஃபில்டர் போட்டுக்கொள்ளுங்கள்.

கோடை மழை ஒன்று அடித்து ஓய்ந்த மறுநாள் காலை எருக்கை மறந்துவிடலாம். சிவப்பு வெல்வெட் துணியில் வெட்டிய மாதிரிப் பட்டுப்பூச்சி செம்மண்ணில் ஊரும். பட்டுநூல் தருகிற பூச்சி இல்லை இது. கால்களை எண்ணினால் எட்டு, ஆகவே பூச்சி இனமே இல்லை, சிலந்திக்கு உறவு. அந்தச் சிவப்பு கேமராவை ஏமாற்றும். திரையில் சரியாகத் தெரியும், வீட்டுக்கு வந்து பார்த்தால் மயிரெல்லாம் அழிந்து சிவப்பு மை கொட்டிய மாதிரி இருக்கும். வழக்கத்தைவிட வெளிச்சத்தை ஒரு படி குறைத்தே எடுங்கள், ரா ஃபைலாகவும் (கேமரா மெருகேற்றாத மூலப் பதிவு) வையுங்கள்.

சிலர் பூச்சியைப் பிடித்து ஃபிரிட்ஜில் வைத்து மரக்கவைத்து எடுக்கிறார்கள், பசை வைத்து ஒட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். அந்தப் படங்களைப் பார்த்தால் எனக்குத் தெரிந்துவிடும், கால்கள் தண்டைப் பிடித்திருக்காது. பனித்துளிக்காகப் புட்டியில் தண்ணீர் தெளிப்பதும் எனக்குப் பிடிக்காது. சித்திரை மாதம் மதுரையில் பனித்துளி சொட்டும் படத்தைப் பார்த்தால் எங்கள் ஊர்க்காரர் யாரும் சிரிப்பார்.

ஆபத்து என்று பார்த்தால், முதலில் எருக்கம்பால். கை பட்டு அந்தக் கையால் கண்ணைத் தேய்த்தால் கருவிழியே புண்ணாகிப் பார்வை மங்கும். வியூஃபைண்டரில் கண்ணை வைக்கிற நமக்கு இது பெரிய கண்டம். ஒரு பாட்டில் தண்ணீர் இதற்கென்றே தனியாக வைத்திருங்கள். பட்டுவிட்டால் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிவிட்டு, தாமதிக்காமல் கண் டாக்டரிடம் போங்கள். அடுத்தது, முட்டி போடும் முன் தரையைப் பாருங்கள். கரடும் பொட்டலுமான இடத்தில் கல்லுக்கடியில் சுருட்டை விரியன் கிடக்கும். சின்னப் பாம்பு, மண் நிறம், செதிலை உரசி அரம் தேய்க்கிற மாதிரிச் சத்தம் போடும். கல்லைப் புரட்டாதீர்கள். கடித்துவிட்டால் மந்திரிக்கப் போகாமல் நேராகப் பெரியாஸ்பத்திரிக்கு. ஆவாரம்பூவில் கறுப்பும் ஆரஞ்சுமாகப் பட்டை போட்ட வண்டு இருந்தால் கையில் எடுக்காதீர்கள், அதன் சாறு பட்ட இடம் கொப்பளிக்கும். பெண்கள் தனியாகப் போகலாமா என்று கேட்கிறார்கள். நான் ஊர்க்காரர்களுக்கு முகம் தெரிகிற வரைக்கும் அண்ணன் மகளைக் கூட்டிக்கொண்டு போனேன். இப்போது ஆட்டுக்காரர்கள்தான் எனக்குக் காவல்.

இடம் மாற்ற ஆசை என்றால் மேலூர்ப் பக்கம் அரிட்டாபட்டி. 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்த இடம், அரிட்டாபட்டியும் மீனாட்சிபுரமும் சேர்ந்து 193 ஹெக்டேர் சொச்சம். குன்றும் சுனையுமாகக் கோடையிலும் ஈரம் காக்கிற பூமி. டங்ஸ்டன் சுரங்கம் வருகிறது என்று சுற்றுவட்டாரமே திரண்டு எதிர்த்து, 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானதே, அதே ஊர்தான். பருந்தையும் வல்லூறையும் பார்க்கத்தான் ஆட்கள் போகிறார்கள். நான் போனபோது சுனையோரம் ஊசித்தட்டானோடு உட்கார்ந்திருந்தேன். ஊருக்குள் சொல்லிவிட்டுப் போங்கள். அழகர்மலைப் பக்கம் காப்புக்காட்டுக்குள் நுழைவதென்றால் வனத்துறை அனுமதி இல்லாமல் கூடாது.

எட்டேகாலுக்கு நான் கட்டிவிடுவேன். லென்ஸை முதலில் ஊதுபந்தால் ஊதி, அப்புறம்தான் துணி. புழுதியோடு துடைத்தால் கண்ணாடியில் கீறல் விழும். டிஃப்யூசர் கூம்பை மடிக்காமல் ஸ்கூட்டியின் முன்னால் மாட்டிக்கொள்வேன், சிக்னலில் பக்கத்து வண்டிப் பிள்ளைகள் என்னவென்று கேட்காத நாளில்லை. வழியில் பருத்திப்பால் வண்டி நின்றால் ஒரு கிளாஸ். படங்களை அன்றைக்கே பார்க்க மாட்டேன். எடுத்த சூட்டில் எல்லாம் நன்றாக இருக்கிற மாதிரித் தோன்றும், ஞாயிறு மத்தியானம் உட்கார்ந்தால்தான் கழிக்க மனசு வரும். கடையைத் திறந்ததும் முதல் வேலை, கையைச் சோப்புப் போட்டு இரண்டு முறை கழுவுவது. எருக்கம்பால் பிசுக்கோடு ஒரு முகூர்த்தப் பட்டு ஜாக்கெட் துணியைத் தொட்டுவிட்டு, அதே நிறத்தில் துண்டுத் துணி தேடி ஒரு நாள் முழுக்க மாசி வீதிகளைச் சுற்றியிருக்கிறேன்.